ஆடியோ சிடி போட்டால் நேரம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை: டிரைவ் போய்விட்டதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வீட்டிலிருக்கும் பழைய டெஸ்க்டாப்பில், விண்டோஸ் எக்ஸ்பியில், ஆடியோ சிடி போட்டால் பாட்டின் எண் தெரிகிறது, நேரமும் நொடி நொடியாக ஓடுகிறது, ஆனால் துளிச் சத்தம் இல்லை. அதே சிடியை மகனுடைய லேப்டாப்பில் யூஎஸ்பி டிரைவை மாட்டிப் போட்டால் சத்தம் வருகிறது, அதுவும் திக்கித் திக்கி. இரண்டிலுமே ஃபைல்கள் உள்ள டேட்டா சிடி ஒழுங்காகத் திறக்கிறது, டிவிடியில் படம் ஓடுகிறது. "இரண்டு டிரைவும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா, புதிதாக வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: அந்த சிடியில் இருப்பது உங்கள் அம்மா பாடிய பாட்டுகள், பல வருடங்களுக்கு முன் வீட்டிலேயே எழுதியது, வேறு பிரதி கிடையாது. உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அந்தக் குரலைப் பத்திரமாக வெளியே எடுக்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கணினிப் பழுதுபார்ப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், உங்கள் விவரத்தைப் படித்தவுடன் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. டெஸ்க்டாப்பில் நேரம் ஓடுகிறது என்றால் அந்த டிரைவ் சிடியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் வரும் வழி எங்கோ அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பில் வரும் திக்கல் அதோடு சம்பந்தம் இல்லாத வேறு கோளாறு. அதற்குக் காரணம் சிடியா, டிரைவா, மின்சாரம் போதாமையா என்று நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று சோதனை செய்தால் தெரிந்துவிடும். அந்தச் சோதனைகளை எல்லாம் தயவுசெய்து அம்மாவின் சிடியை வைத்துச் செய்யாதீர்கள். கடையில் வாங்கிய, கீறல் இல்லாத ஏதாவது ஒரு பாட்டு சிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுடையதை இப்போதைக்கு உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். கோளாறு எது என்று தெரிவதற்கு முன்பே ஒரே சிடியை இருபது தடவை போட்டுப் போட்டு எடுப்பதில்தான் நிறையக் கீறல்கள் விழுகின்றன.

டேட்டா சிடி திறக்கும்போது ஆடியோ சிடி மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஆடியோ சிடிக்கான விதிகளை 1980ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்தார்கள். அப்போது கணினி அவர்கள் மனதில் இல்லை. வீட்டு பிளேயரில் பாட்டு கேட்க வேண்டும், அவ்வளவே. அதனால் அதில் ஃபைல் என்ற ஒன்றே கிடையாது. ஒலியை அளந்து எடுத்த எண்கள் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடம், இப்படி ஒரே ஓட்டமாக உள்ளே தொடங்கி வெளியே போகும் ஒரு நீண்ட சுருள். விண்டோஸில் நீங்கள் பார்க்கும் 'டிராக் 01.சிடிஏ' போன்றவை கூட உண்மையான ஃபைல்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெறும் 44 பைட், பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும். அவற்றை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து வைத்துவிட்டு, பாட்டைப் பத்திரப்படுத்திவிட்டோம் என்று நம்பி சிடியைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்துவிடக் கூடாது என்பதால் இப்போதே சொல்கிறேன்.

அளவிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிடியில் உள்ளதைச் சிறு சிறு பிரிவுகளாகத்தான் டிரைவ் படிக்கும், ஒரு பிரிவில் 2,352 பைட் இடம். ஆடியோ சிடியில் அத்தனையும் ஒலிதான். சாதாரண டேட்டா சிடியில் 2,048 பைட் மட்டும்தான் உங்கள் ஃபைல், மீதி 304 பைட் இந்தப் பிரிவு எது என்ற முகவரிக்கும், பிழை வந்தால் கண்டுபிடித்துத் திருத்துவதற்கும் போய்விடுகிறது. அதனால் டேட்டா சிடியில் ஓர் இடம் மங்கலாக இருந்தால் டிரைவ் திரும்பிப் போய் மறுபடி படிக்கும், திருத்தும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் கொஞ்சம் தாமதம்தான். பாட்டு அப்படிக் காத்திருக்காது. நொடிக்கு 75 பிரிவுகள் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஆடியோ சிடியிலும் அடிப்படைத் திருத்தம் உண்டு, சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் முழுசாகப் போனாலும் அது ஈடுகட்டிவிடும். அதைத் தாண்டினால் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் தோராயமாக நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் உங்கள் காதில் திக்கலும் டப் டப்பும் விழுகின்றன. ஆகவே, டேட்டா சிடி திறப்பதை வைத்து டிரைவ் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வரக் கூடாது. ஆடியோ சிடி திக்குவதை வைத்து டிரைவ் போய்விட்டது என்றும் முடிவு கட்டக் கூடாது.

சரி, முதலில் டெஸ்க்டாப். அந்தக் காலத்து டிரைவ்களுக்குள்ளேயே ஒரு சிடி பிளேயர் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களை ஒலியாக மாற்றும் வேலையை டிரைவே செய்துவிடும். முன்பக்கம் ஹெட்போன் துளையும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரமும் இருப்பது அதனால்தான். கணினி "மூன்றாவது பாட்டைப் போடு" என்று கட்டளை கொடுப்பதோடு சரி. பாட்டு டிரைவின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒரு மெல்லிய கம்பி வழியாக சவுண்ட் கார்டுக்குப் போகும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கு. படமும் ஃபைல்களும் வருவது அகலமான டேட்டா கேபிளில், அது வேறு பாதை. மெல்லிய கம்பி கழன்றிருந்தால், அல்லது முதலிலேயே மாட்டாமல் விட்டிருந்தால், நீங்கள் சொன்ன அதே அறிகுறிதான் வரும்: சிடி சுற்றும், நேரம் ஓடும், படம் ஓடும், பாட்டு மட்டும் கேட்காது.

ஒருமுறை இப்படித்தான் ஒரு கணினி என்னிடம் வந்தது. ஆடியோ சிடியில் சத்தம் இல்லை என்று ஏற்கெனவே ஓரிடத்தில் டிரைவை மாற்றியிருந்தார்கள். புது டிரைவிலும் அதே கதை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். சாம்பல் நிற ரிப்பன் கேபிள் இருக்கிறது, நான்கு கம்பி உள்ள பவர் இணைப்பு இருக்கிறது. சவுண்ட் கார்டிலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பி மட்டும், முனையில் கருப்பு பிளாஸ்டிக் தலையோடு, தூசி படிந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவை மாற்றியவர் அது எதற்கு என்று தெரியாமல் விட்டுவிட்டார் போலும். டிரைவின் பின்பக்கத்தில், ரிப்பன் கேபிளுக்குப் பக்கத்திலேயே நான்கு ஊசிகள் வரிசையாக இருக்கும், நடுவில் உள்ள இரண்டும் எர்த், ஓரத்தில் உள்ளவை இடது, வலது. அதில் மாட்டிவிட்டு சிடியைப் போட்டேன், முதல் பாட்டு முழுசாக வந்தது. கழற்றி எறிந்த பழைய டிரைவும் நல்ல டிரைவாகத்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து சத்தம் இல்லை என்று யார் வந்தாலும் டிரைவைத் தொடுவதற்கு முன் அந்தக் கம்பியைத்தான் தேடுவேன்.

உங்களுடையதில் பெட்டியைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். டிரைவின் முன்பக்கம் ஹெட்போன் துளை இருந்தால் அதில் நேரடியாக ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அங்கே கேட்டால் டிரைவும் சிடியும் நலம், கோளாறு அதற்கு அப்புறம் உள்ள வழியில்தான். அடுத்து, கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தை இரண்டு முறை சொடுக்கினால் சத்த அளவுகளின் வரிசை வரும். அதில் 'சிடி பிளேயர்' அல்லது 'சிடி ஆடியோ' என்று தனியாக ஒன்று இருக்கும். மற்ற எல்லாம் மேலே இருந்து இது மட்டும் மியூட் ஆகியிருந்தாலும் இதே நிலைமைதான். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று தனியாக இருப்பதே தெரியாது.

இவை இரண்டும் உதவாவிட்டாலும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லாத ஒரு தீர்வு எக்ஸ்பியிலேயே இருக்கிறது. கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி, சிடி டிரைவ்கள் என்ற பகுதியில் உங்கள் டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து பிராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். அதற்குள் மறுபடியும் பிராப்பர்ட்டீஸ் என்றே ஒரு தாவல் இருக்கும். அதில் 'எனேபிள் டிஜிட்டல் சிடி ஆடியோ' என்று தொடங்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் செய்தால், பாட்டும் எண்களாகவே டேட்டா கேபிள் வழியாக வரும், மெல்லிய கம்பி தேவையே இல்லை. கட்டம் ஏற்கெனவே டிக் ஆகியிருந்தும் சத்தம் இல்லை என்றால், டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை, திரும்பப் போட்டு ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரில் இதற்கென்று தனி அமைப்பும் இருக்கிறது: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டிவைசஸ் என்று போய் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் பிளேபேக் டிஜிட்டலா அனலாகா என்று கேட்கும். அதை டிஜிட்டலில் வையுங்கள். உங்கள் டெஸ்க்டாப் கோளாறு இந்தப் பத்தியோடு தீர்ந்துவிடும் என்பது என் வலுவான எண்ணம்.

டிஜிட்டலுக்கு மாற்றிய பிறகு டெஸ்க்டாப்பிலும் பாட்டு திக்கினால், கூடவே மவுஸும் இழுத்து இழுத்து நகர்ந்தால், அதற்கு ஒரு தெரிந்த காரணம் உண்டு. கேபிளில் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால் எக்ஸ்பி அந்த டிரைவோடு பேசும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்குத் தள்ளிவிடும். பிறகு தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் ஐடிஈ கன்ட்ரோலர்கள் பகுதியில், டிரைவ் மாட்டியிருக்கும் சேனலின் அட்வான்ஸ்டு அமைப்பில் தற்போதைய முறை பிஐஓ என்று காட்டினால், அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள், தானாகவே புதிதாக அமைத்துக்கொள்ளும். மறுபடியும் பிஐஓவுக்கே விழுந்தால் ரிப்பன் கேபிளை மாற்ற வேண்டும்.

இப்போது லேப்டாப். இங்கே மெல்லிய கம்பி என்ற பேச்சே இல்லை, எல்லாம் யூஎஸ்பி வழியாக எண்களாகத்தான் வருகிறது. முதலில் சிடியை வெளியே எடுத்துவிட்டு, லேப்டாப்பிலேயே இருக்கும் ஏதாவது ஒரு பாட்டு ஃபைலைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மகன் ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவராக இருந்தால் அதைத் துண்டித்துவிட்டு லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அங்கேயும் திக்கினால் டிரைவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, ஒலி டிரைவர் மென்பொருளையோ ப்ளூடூத்தையோதான் பார்க்க வேண்டும். ஃபைல் சுத்தமாக ஓடினால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. திக்கல் எங்கே வருகிறது, எப்படி வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பது. கடை சிடியைப் போட்டு, திக்கல் வரும் நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாவது பாட்டு, ஒரு நிமிடம் பத்து நொடி என்பது போல. மறுபடி போடுங்கள். அதே நொடியில் திக்கினால் கோளாறு அந்த சிடியில். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் திக்கினால் சிடியைச் சந்தேகிக்க வேண்டாம், டிரைவ், மின்சாரம், கணினி இந்த மூன்றில் ஒன்று. முதல் பாட்டுகள் நன்றாக இருந்து கடைசிப் பாட்டுகளில் மட்டும் மோசமானால், வெளி ஓரத்தில் கைரேகையோ வளைவோ இருக்கலாம். சிடி உள்ளிருந்து வெளியே போய்ப் படிக்கப்படுவதால் கடைசிப் பாட்டுகள் விளிம்பில்தான் இருக்கும், விரல் படும் இடமும் அதுதான்.

திக்கல் ஒரே தாளத்தில் டிக் டிக் என்று வந்தால் அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் ஒரு கீறலை, சிடி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கடக்க வேண்டும். பாட்டு கேட்கும் வேகத்தில் உள் பக்கத்தில் ஒரு சுற்று என்பது ஏறக்குறைய எட்டில் ஒரு நொடி, விளிம்பில் மூன்றில் ஒரு நொடி. எனவே முதல் பாட்டுகளில் நொடிக்கு ஏழெட்டு டிக், கடைசிப் பாட்டுகளில் மூன்று டிக் என்று கேட்டால், கண்ணால் பார்க்காமலே அது கீறல் என்று சொல்லிவிடலாம். டிரைவோ யூஎஸ்பியோ செய்யும் கோளாறுக்கு இந்தத் தாளம் இருக்காது. அது ஒழுங்கில்லாமல் நிற்கும், ஓடும், சில நேரம் இரண்டு மூன்று நொடி அமைதியாகிவிடும்.

கடை சிடியிலும் வேறு வேறு இடத்தில் திக்குகிறது என்று வந்தால், நான் முதலில் பார்ப்பது மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று கொடுக்க வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. மெல்லிய வெளி டிரைவ்கள் தட்டை வேகமாகச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் 500ஐத் தாண்டிக் கேட்பது உண்டு. ஒரே துளையில், அதைப் பல துளைகளாக்கும் ஹப்பை மாட்டி, அதில் மவுஸ், பென் டிரைவ், அப்புறம் இந்த டிரைவ் என்று எல்லாவற்றையும் தொங்கவிட்டால் போதாமல்தான் போகும். அறிகுறி இப்படி இருக்கும்: மோட்டார் வேகம் எடுப்பது போலச் சத்தம், டக் என்று நிற்பது, மறுபடி வேகம் எடுப்பது. சில சமயம் டிரைவ் கணினியிலிருந்தே மறைந்து, சாதனம் துண்டிக்கப்பட்டதற்கான ஒலியும் கேட்கும். ஹப் இல்லாமல் லேப்டாப்பின் துளையிலேயே மாட்டுங்கள், டிரைவோடு வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள், இரண்டு தலை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுக்கொள்வதும் நல்லது. இதிலேயே சரியாகிவிட்ட டிரைவ்கள் நிறைய.

பாட்டு போடும் மென்பொருளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்கள். விஎல்சி என்ற பிளேயரில் மீடியா, ஓபன் டிஸ்க், ஆடியோ சிடி என்று போனால் நேரடியாகப் படிக்கும். விண்டோஸின் பழைய மீடியா பிளேயரில், முன்பு சொன்ன அதே டிவைசஸ் பகுதியில் 'யூஸ் எரர் கரெக்‌ஷன்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், மங்கலான இடங்களில் திருத்த முயலும்.

மின்சாரம் சரி, மென்பொருள் சரி, கடை சிடியே இன்னும் திக்குகிறது என்றால்தான் டிரைவின் லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். இரண்டும் ஒரே டிரைவில் இருந்தாலும் ஒன்று போய் மற்றது நன்றாக இருக்கலாம். எனவே டிவிடியில் படம் ஓடுகிறது என்பதை சிடி லேசருக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் விஷயத்தில் டேட்டா சிடி திறக்கிறது, அதனால் அந்த லேசர் உயிரோடு இருக்கிறது, இது உறுதி. பலவீனமாகியிருக்கிறதா என்பதுதான் சந்தேகம். லேப்டாப் வகை டிரைவில் தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும், பட்டாணியைவிடச் சிறிய கண்ணாடிக் குமிழ். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒருமுறை வட்டமாகத் துடைத்து, காய விடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதால் அழுத்தினால் போச்சு. குளிர்ந்த இடத்திலிருந்து டிரைவை அப்போதுதான் எடுத்து வந்திருந்தால் லென்ஸில் ஈரம் படிந்திருக்கும், ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள்.

கடை சிடி சுத்தமாக ஓடி, அம்மாவின் சிடி மட்டும் திக்குகிறது என்பதே கடைசியில் தெரிய வரலாம். வீட்டில் எழுதிய சிடி என்று நீங்கள் சொன்னதால் இதற்கு வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். கடை சிடியில் தகவல் அச்சாகப் பதிந்திருக்கும். எழுதும் சிடியில் ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டுக் கறுக்க வைத்ததுதான் பதிவு. அந்தச் சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் வருடக்கணக்கில் மங்கும். ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவும் கடை சிடியைவிடக் கொஞ்சம் குறைவு. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகை என்றால் மிகவும் குறைவு. அதனால் ஒரு டிரைவ் தளரும்போது முதலில் கைவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். ஒரு டிரைவில் திக்கும் எழுதிய சிடி இன்னொரு டிரைவில் சுத்தமாக ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் உங்கள் டெஸ்க்டாப் டிரைவே அம்மாவின் சிடியை லேப்டாப்பில் உள்ளதைவிட நன்றாகப் படிக்கக்கூடும். சத்தம் வராத குறையைச் சரி செய்யும் வரை அது தெரியாது.

சிடியைக் கையில் எடுக்கும்போது விளிம்பையும் நடு ஓட்டையையும் மட்டும் தொடுங்கள். முதலில் நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு கேட்கும் வேகத்தைப் போல 52 மடங்கு வரை படிக்கும் டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும், விரிசல் விட்ட தட்டு அந்த வேகத்தில் உள்ளேயே உடைந்து சிதறும். அப்புறம் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக் குத்து போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரிந்தால் மேல் பக்கப் படலம் உதிர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் இருந்தது திரும்ப வராது. கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கிறது, மேலே பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய மேற்பூச்சு மட்டும்தான். தாள் லேபிள் ஒட்டியிருந்தால் பாதி கழன்று தொங்கினாலும் பிய்க்காதீர்கள், படலத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். கீழ்ப்பக்கத்தைத் துடைக்க, நூல் விடாத மென்மையான துணி, தேவைப்பட்டால் சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், தப்பித் தவறி விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, திருத்தவே முடியாத நீளத்துக்குத் தகவலை அழித்துவிடும். பற்பசை, மெழுகு போன்ற வைத்தியங்களை வேறு பிரதி இல்லாத சிடியில் முயலவே வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதே தேடலில் வருபவர்களுக்காகச் சில வரிகள். எழுதிய கணினியில் மட்டும் ஓடி வேறெங்கும் ஓடாத சிடி, எழுதி முடித்தபின் மூடப்படாத சிடியாக இருக்கலாம், எழுதிய டிரைவிலேயே போட்டு 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும். டிரைவே கணினியில் காணாமல் போய் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தால், பழைய சிடி எழுதும் மென்பொருளோ, 2005ல் பெரிய சர்ச்சையான சோனி பிஎம்ஜி சிடிக்களில் வந்ததைப் போன்ற காப்பிப் பாதுகாப்போ விண்டோஸின் அமைப்புகளில் விட்டுச்சென்ற, டிரைவின் வேலையில் குறுக்கிடும் ஃபில்டர் பதிவுகள் காரணமாக இருக்கலாம். லினக்ஸில் ஆடியோ சிடியை மவுன்ட் செய்ய, அதாவது ஃபோல்டராகத் திறக்க முயன்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம், அதில் மவுன்ட் செய்ய ஃபைல் அமைப்பே இல்லை. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி உடன் வருவதில்லை, ஆடியோ சிடிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி அம்மாவின் குரலை வெளியே எடுக்கும் வேலை. இங்கே பாட்டாகப் போட்டுக் கேட்பதைவிட, ஃபைலாகப் பிரித்தெடுப்பதுதான் சரியான வழி. கேட்கும்போது டிரைவுக்கு அவசரம், ஒரு இடத்தை மறுபடி படிக்க நேரமில்லை. பிரித்தெடுக்கும்போது அந்த அவசரம் கிடையாது. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் சிடிபாரனோயா, மூன்றும் இதற்காகவே எழுதப்பட்டவை. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் செக்யூர் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பல பத்து முறை திரும்பப் படித்து, பெரும்பான்மையாக வந்த விடையை எடுத்துக்கொள்ளும். அதனால் நேராகக் கேட்டபோது திக்கிய சிடி, ஃபைலாக எடுத்தபோது முழுசாக வந்துவிடுவது சாதாரணமாக நடக்கும். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆனாலும் விட்டுவிடுங்கள், இடையில் நிறுத்த வேண்டாம். டிரைவ் சூடேறினால் பாட்டுக்குப் பாட்டு ஓய்வு கொடுங்கள். படிக்கும் வேகத்தை 4 அல்லது 8 மடங்காகக் குறைத்தும் ஒருமுறை முயலுங்கள், சில டிரைவ்களில் அதிர்வு குறைந்து பிழைகள் குறையும்.

முடிந்ததும் வரும் அறிக்கையைப் படியுங்கள். சந்தேகமான இடங்களை நிமிடம், நொடியோடு காட்டும். இந்த மென்பொருள்களில் சிலவற்றில் அக்யூரேட்ரிப் என்று, உலகில் மற்றவர்கள் அதே சிடியை எடுத்த விடையோடு ஒப்பிடும் வசதி இருக்கிறது. உங்கள் சிடி உலகத்திலேயே ஒன்றுதான் என்பதால் அது உங்களுக்கு உதவாது. அதற்குப் பதில் 'டெஸ்ட் அண்ட் காப்பி' முறையில் ஒரே டிரைவில் இரண்டு முறை எடுத்து, இரண்டுக்கும் வரும் சரிபார்ப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் டிரைவ் நிலையாகப் படித்திருக்கிறது என்று பொருள். வெவ்வேறு டிரைவ்களில் எடுத்த எண்களை ஒப்பிட வேண்டாம், ஒவ்வொரு டிரைவும் தொடக்கப் புள்ளியைச் சில மாதிரிகள் முன்பின்னாக எடுப்பதால் ஒலி ஒன்றாக இருந்தும் எண் மாறும். ஃபைலை ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். 74 நிமிடப் பதிவு அப்படியே எடுத்தால் 783 மெகாபைட் வரும், ஃபிளாக்கில் சுமார் பாதியாகும், ஒலியில் எதுவும் குறையாது. கைபேசியில் கேட்க எம்பி3 வேண்டுமென்றால் இதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு டிரைவிலும் ஒவ்வொரு முறை எடுங்கள், டெஸ்க்டாப் டிரைவை மறக்காமல். ஒன்றில் கெட்டுப்போன பாட்டு மற்றதில் நன்றாக வந்திருந்தால் அந்தப் பாட்டை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்த பகுதிகளுக்காக மட்டும், சிடியை நன்றாகப் படிக்கும் மூன்றாவது டிரைவ் ஒன்றை யாரிடமாவது இரவல் கேளுங்கள், புதிதாக வாங்குவதை அதற்கு அப்புறம் யோசிக்கலாம். ஃபைல்கள் கைக்கு வந்ததும் அறிக்கையில் காட்டிய ஒவ்வொரு நொடியிலும் ஹெட்போன் வைத்து, ஐந்து நொடி முன்னாலிருந்து கேட்டுப் பாருங்கள். மென்பொருள் சந்தேகப்பட்ட இடங்களில் பாதி காதுக்குத் தெரியவே தெரியாது. அதுவரைக்கும் அந்த சிடியை வேறு எந்த பிளேயரிலும் போட வேண்டாம்.